ஒரு பூச்சு சுண்ணாம்பு

லண்டன்ல இருக்கிற மருமகன் போன வாரம் போன் பண்ணினான். வீட்டிலேயே திராட்சை ஒயின் போடப் போறானாம். "கண்ணாடி ஜாடி, ஈஸ்ட் பாக்கெட், காத்து வெளியே போக ஒரு குழாய், எல்லாம் வாங்கியாச்சு மாமா. இங்கே வீட்டுக்குன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க"ன்னான். எனக்கு தாத்தாவோட சாமான்கள் ஞாபகம் வந்தது.

தாத்தா உடன்குடிப் பக்கம் பனை ஏறியவர். பாளை சீவ அரிவாள், அதை வைக்க இடுப்பில் ஒரு பெட்டி, காலுக்குத் தளைநார், மரத்தில் சாய்த்து ஏற முருக்குத்தடி, பாளையை நசுக்கக் கடிப்பு, மண் கலயம், கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான். ஈஸ்ட் வாங்க வேண்டாம். அது காற்றிலும் பழைய கலயத்திலும் தானாகவே இருக்கும். பாளையில் சொட்டும் சாறு சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது, பதநீராகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

கள்ளுக்கும் பதநீருக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு பூச்சு சுண்ணாம்புதான். சட்டமும் அதன் மேல்தான் நின்றது.

1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதுக்கும் வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், பிறகு கள்ளுக்கடைகளை மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. சீமைச் சரக்குக்குத் தடை இல்லை. 2003 முதல் அதை அரசே சில்லறையிலும் விற்கிறது.

இத்தனை மாற்றத்திலும் மரமும் அரிவாளும் கலயமும் மாறவே இல்லை. ஏறுகிற ஆள்தான் ஒரு வருஷம் தொழிலாளி, இன்னொரு வருஷம் குற்றவாளி.

1987-க்கு அப்புறம் தாத்தா பதநீர் மட்டும்தான் இறக்கினார். ஒருநாள் சோதனைக்கு வந்தவங்க கலயத்தை மோந்து பார்த்து, புளிச்ச வாடை அடிக்குதுன்னு நாலு கலயத்தைப் போட்டு உடைச்சாங்க. அன்னிக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்சு போச்சு, அதுதான் விஷயம். தாத்தா எதிர்த்து ஒண்ணும் பேசல. ஆனா அதுக்கப்புறம் அப்பாவைப் பனை ஏற விடவே இல்ல. அப்பா ஏறாததால எனக்கும் ஏறத் தெரியாது.

கடிப்பும் அரிவாள் பெட்டியும் இன்னும் எங்க வீட்டுப் பரணில் கிடக்கு. மருமகன் ஊருக்கு வந்தா எடுத்துக் காட்டணும். அவன் ஜாடி உடைஞ்சா கடையில வேற வாங்கிக்கலாம். எங்க ஊர்ல பனை ஏறத் தெரிஞ்சவங்க இப்போ ரெண்டே பேர். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சு.