மேல்மெத்தை

மேல்மெத்தை என்பது, ஏற்கெனவே உபயோகத்திலுள்ள மெத்தையின் கடினத்தைத் தணித்துச் சரீரத்திற்கு இதம் தரும்பொருட்டு அதன்மீது விரிக்கப்படும், பெரும்பாலும் 2 முதல் 4 அங்குலம் வரை கனமுள்ள மெல்லணையாகும். கடைகளில் ‘டாப்பர்’ என்று கேட்டு வாங்கப்படும் இவ்வணை, இலவம்பஞ்சு, இரப்பர்ப்பால் நுரை, செயற்கை நுரை ஆகிய பலவற்றாலும் செய்யப்படுவதாயினும், இக்காலத்தில் பெரிதும் பேசப்படுவது மெமரி ஃபோம் எனப்படும் நினைவு நுரையால் ஆனதே. அதன் இயல்பையும், விருதுநகர், சிவகாசி வட்டாரத்தைப் போன்ற வெப்பம் மிகுந்த கரிசல் பூமியில் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இங்குக் காண்போம்.

பண்டை வழக்கு

மெத்தென்ற பொருள்களை அடுக்கிப் படுக்கை சமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 19ஆம் பாசுரத்தில் பஞ்சசயனம் என்னும் சொல் வருகிறது. அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை என்னும் ஐந்து குணங்களும் வாய்ந்த படுக்கை என்று ஒரு சாராரும், இலவம்பஞ்சு, அன்னத்தூவி முதலான ஐவகைப் பொருள்களால் ஆகிய படுக்கை என்று மற்றொரு சாராரும் இதற்குப் பொருள் உரைப்பர். மென்மை ஒன்றையே சுகமென்று கொள்ளாமல், குளிர்ச்சியையும் அதற்கு இணையாக வைத்து எண்ணிய அந்நுட்பம், வெயில் காயும் விருதுநகர் மாவட்டத்து மக்கள் இன்றும் மனத்தில் இருத்தத்தக்கது.

பிற்காலத்தில் வசதியுள்ள இல்லங்களில் இலவம்பஞ்சு மெத்தையும், ஏனையோர் வீடுகளில் கோரைப்பாயும் கயிற்றுக் கட்டிலும் வழங்கின. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல்போல் வெறுமையாக இருப்பதால் காற்றைத் தன்னுள் தாங்கி இலேசாக இருக்கும். நீரை எளிதில் ஏற்காது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இப்பஞ்சு மெத்தைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்.

நினைவு நுரையின் வரலாறு

இந்நுரைக்கு மூலமான பாலியூரித்தேன் என்னும் சேர்மத்தை 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தனர். 1966ஆம் ஆண்டில், விமானத்தில் அமர்ந்திருப்போரை அதிர்ச்சியினின்று காக்கவல்ல இருக்கையைச் செய்யும் நோக்கத்துடன், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆதரவில் சார்லஸ் யோஸ்ட் என்னும் பொறியியலாளர் இந்நுரையை உருவாக்கினார். 1991இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று இதனாலாகிய மெத்தையை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னர், இது உலகெங்கும் பரவிற்று.

இயல்பு

இந்நுரையின்மீது உள்ளங்கையை அழுத்தி எடுத்தால், ஐந்து விரல்களின் சுவடும் குழியாக நின்று, சில விநாடிகள் சென்றபின் மெல்ல மெல்ல மேலெழுந்து மறையும். சாதாரண நுரை உடனே துள்ளி எழும். இதுவோ பாரத்தை ஏற்று, உடலின் வளைவுக்கு இணங்கித் தாழ்ந்து, தோள், இடுப்பு முதலிய உறுப்புகளின்மேல் விழும் அழுத்தத்தை எங்கும் பரவச் செய்கிறது. அருகில் படுத்திருப்பவர் புரண்டாலும் அவ்வசைவு மற்றவரை அதிகம் எட்டுவதில்லை.

இதன் இரண்டாவது குணம், உஷ்ணத்தில் இளகிக் குளிரில் இறுகுவதாகும். குளிர்நாட்டில் உடற்சூடு படும் இடத்தில் மட்டும் நுரை இளகுவதால், அது சுகமாகிறது. சிவகாசியிலோ, சித்திரை வைகாசி மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த மாடித்தளம் இரவிலும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும் அறையில், ஆள் படுப்பதற்கு முன்பே நுரை இளகிக் கிடப்பதால், உடல் வேண்டியதற்கு மேல் அமிழ்ந்து, காற்றுப் புகாத பள்ளத்தில் வியர்த்துக் கிடக்க நேர்கிறது. குளிரூட்டப்பட்ட கடையில் அளவான கடினத்துடன் தோன்றிய அணை வீட்டில் குழைந்து போவதற்கு இதுவே காரணம். ஜெல் கலந்த நுரை படுத்தவுடன் தண்மையாகத் தோன்றினும், சற்று நேரத்தில் உடற்சூட்டை ஏற்றுக்கொள்ளும். அதை மட்டுமே நம்பி அதிக விலை கொடுப்பது உசிதமன்று.

வட்டாரத்தின் தேவை

1985இல் இராமநாதபுரம் மாவட்டத்தினின்று பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்கள் சிவகாசியை மையமாகக் கொண்டு நடைபெறுகின்றன. திரி செருகுவோரும் சரம் பின்னுவோரும் நாள் முழுதும் தரையில் அமர்ந்து, கழுத்தை வளைத்து வேலை செய்வதால், அவர்களுடைய இடுப்பும் தோளும் இரவில் ஓய்வை வேண்டி நிற்கின்றன. இத்தகையோருக்கு நல்ல படுக்கை ஆடம்பரமன்று. மறுநாள் உழைப்புக்கு இட்ட முதல். எனினும், நீங்காத வலிக்கு மருத்துவரை நாட வேண்டுமேயன்றி, மெத்தையையே மருந்தென எண்ணலாகாது.

அலுமினியப் பொடி புழங்கும் அறைகளில் வேலை செய்வோரின் கையிலும் முடியிலும் வெள்ளிநிறத் தூசி படிகிறது. குளித்து, உடைமாற்றிய பிறகே படுக்கைக்குச் செல்வது நலம். நுரையைத் துவைக்க இயலாது ஆகையால், கழற்றித் துவைக்கத்தக்க உறை இன்றியமையாதது. செயற்கை இழைத் துணிகளில் மின்னேற்றம் உண்டாகும் என்பது கருதிப் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடையே வற்புறுத்தப்படுகிறது. வியர்வையை உறிஞ்சும் குணம் கருதி, வீட்டு மெத்தைக்கும் பருத்தி உறையே சிறந்தது.

பாலியூரித்தேன் நுரை தீப்பற்றினால் விரைந்து எரிந்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த நச்சுப் புகையைக் கக்கும். நெருப்பின் இயல்பை நன்கறிந்த இவ்வட்டார மக்கள், கொசுவத்திச் சுருள், பீடி, விளக்கு ஆகியவற்றைப் படுக்கையினின்று தூர விலக்குவதில் மற்றையோரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் நோக்க வேண்டுவது அடர்த்தி. கன மீட்டருக்கு 48 முதல் 80 கிலோகிராம் வரை அடர்த்தியுள்ள நுரை மேல்மெத்தைக்குப் பொதுவாக ஏற்றது. விற்பவர் கூறும் கணக்கை வாங்குபவரே தராசில் சரிபார்க்கலாம். 6 அடி நீளமும் 3 அடி அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள அணை 3 கன அடி கொண்டது. உறை நீக்கிய அதன் எடை, அடர்த்தி 48 ஆயின் ஏறத்தாழ 4.1 கிலோ, 64 ஆயின் 5.4 கிலோ, 80 ஆயின் 6.8 கிலோ இருக்கும். எடை இதனினும் மிகக் குறைந்திருப்பின், அது விரைவில் குழி விழும் மட்டமான நுரை என்று கொள்ளலாம். அடர்த்தி மிக, உழைப்பு மிகும். சூட்டைத் தேக்கும் தன்மையும் உடன் மிகும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது கனம். ஒருக்களித்துப் படுப்போருக்கு 3 அங்குலமும், மல்லாந்து படுப்போருக்கு 2 அங்குலமும் பெரும்பாலும் போதும். குப்புறப் படுப்போருக்கு மெல்லிய, சற்றே கடினமான அணை வேண்டும். இல்லையெனில் இடுப்பு அமிழ்ந்து முதுகு வளையும். புரண்டு எழுவதற்குச் சிரமப்படும் முதியோருக்கு 4 அங்குல அணை தொல்லையே தரும். கைக்குழந்தையை இதன்மேல் படுக்க வைத்தல் கூடாது. மென்மையான பரப்பில் முகம் புதைந்து மூச்சுத் திணறும் அபாயம் உண்டு.

மூன்றாவது, அடியிலுள்ள மெத்தையின் நிலை. மேல்மெத்தை கடினத்தைத் தணிக்குமேயன்றிப் பள்ளத்தை நிரப்பாது. குழி விழுந்த மெத்தைமேல் விரித்த அணையும் அக்குழியின் வடிவையே கொள்ளும். கயிற்றுக் கட்டிலின்மேல் இதனை நேராக விரிப்பதும் தகாது.

பராமரிப்பு

புதிய நுரையில் வீசும் இரசாயன வாடை நீங்க, காற்றோட்டமுள்ள இடத்தில் ஓரிரு நாள் பிரித்து வைத்த பின்னரே உபயோகிக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுத் தடியால் தட்டி எடுப்பது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். பஞ்சுக்கு உயிரூட்டும் அதே வெயில் இந்நுரையை மஞ்சளாக்கி, உதிரச் செய்துவிடும். ஆகவே இதை நிழலில் நிறுத்திக் காற்றாட விடுதலே முறை. ஐப்பசி கார்த்திகை மழையில் தரைமேல் விரித்து வைத்தால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

முடிவு

குளிர்சாதன வசதியுள்ள அறையில் படுப்போருக்கும், மெத்தையின் கடினத்தால் துன்புறுவோருக்கும், அடர்த்தி 64 அளவில், 2 அங்குலக் கனத்தில், பருத்தி உறையிட்ட நினைவு நுரை அணை பொருத்தமானது. மின்விசிறியொன்றே துணையாக உறங்குவோருக்கு, துளைகளின் வழியே காற்றுப் புகும் இரப்பர்ப்பால் அணையோ, மெல்லியதாகத் தைத்த இலவம்பஞ்சு அணையோ மேலானது. கரிசல் மண்ணில் படுக்கை வாங்குவோர், மென்மையைக் கையால் அழுத்திப் பார்ப்பதோடு நில்லாது, குளிர்ச்சியையும் கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.