மோட்டார் சைக்கிளும் செவியும்

காது மந்தமான ஒருவன் காதைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பேசுவதற்கு எனக்குக் காரணம் உண்டு.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, ஏழாம் வகுப்பில் ஒரு நாள், ‘வழி’ என்னும் சொல்லுக்கு வேறொரு சொல் கேட்டேன். மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து விடை கூறினாள். ‘படம்’ என்று என் காதில் விழுந்தது. “தவறு, உட்கார்” என்றேன். வகுப்பு முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அச்சிறுமி சொன்னது ‘தடம்’. அதைப் பின்னர் வேறொரு மாணவன் வந்து அஞ்சி அஞ்சிக் கூறினான். சரியான விடை சொன்ன குழந்தையைத் தலைகுனிய வைத்தது என் காது. செவி மருத்துவரிடம் சென்றேன். அவர் கருவி கொண்டு சோதித்து, ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். சமமாகச் சென்ற கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கியிருந்தது. அவர் கேட்ட முதற் கேள்வி என் வயதைப் பற்றியதன்று. “ஐயா, மோட்டார் சைக்கிள் ஓட்டுவீர்களா?” என்பதே. அக்கேள்வியின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் பயனே இப்பேச்சு.

செவிக்காப்பின் வரலாற்றை ஹோமரிடமிருந்து தொடங்குவது மேனாட்டார் வழக்கம். ஒடிசி காவியத்தில், இன்னிசையால் மாலுமிகளை ஈர்த்துக் கொல்லும் அணங்குகளின் தீவைக் கடக்கும்போது, தண்டு வலிப்போர் காதுகளை மெழுகால் அடைக்கிறான் ஒடிசியஸ். தான் மட்டும் காதை அடைக்காமல், பாய்மரத்தில் தன்னைக் கட்டச் செய்து இசையைக் கேட்கிறான். ஒரே கப்பலில் இருவகைச் செவிகள். அடைத்துக் காத்த செவி ஒன்று. கேட்டு மகிழ்ந்த செவி மற்றொன்று. இவ்விரு விருப்பங்களும் தனித்தனியே வளர்ந்து, இக்காலத்து மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவனின் ஒரே காதில் வந்து மோதிக்கொள்கின்றன.

ஓசை செவியைக் கெடுக்கும் என்பதை முதலில் அறிந்தவர்கள் தொழிலாளிகள். இத்தாலிய மருத்துவர் ராமட்சினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்டு 1713-இல் விரிவுபடுத்திய நூலில், வெனிஸ் நகரத்துச் செம்புத் தொழிலாளர்களைப் பற்றி எழுதியுள்ளார். நம் ஊர்க் கன்னாரைப்போல நாள் முழுதும் செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்யும் அவர்கள், முதுமையில் முற்றும் செவிடராவதைக் கண்டார் அவர். பின்னர் நீராவி யுகம் வந்தது. கொதிகலன் செய்யும் பட்டறையில் தகடுகளை ஆணி அடித்துப் பொருத்துகையில், ஒருவன் கலத்தினுள் புகுந்து ஆணியைத் தாங்கிக்கொள்வான். மற்றவர்கள் வெளியே நின்று சம்மட்டியால் அடிப்பார்கள். மணியின் வயிற்றுக்குள் ஒருவன் அமர்ந்திருக்க, வெளியே மணி அடித்தால் எப்படியிருக்கும்! 1886-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் தொழிலாளர் நூறு பேர், இரும்பு வார்ப்போர் நூறு பேர், தபால்காரர் நூறு பேர் ஆகியோரின் காதருகே கடிகாரத்தை வைத்துச் சோதித்தார். கொதிகலன் தொழிலாளர் நூறு பேரில் ஒருவருக்கேனும் இயல்பான செவி இல்லை. தபால்காரரையும் சேர்த்துச் சோதித்ததே இவ்வாய்வின் சிறப்பு. ஒப்பிடுவதற்கு ஆள் இல்லையேல், “வயதானால் காது கேளாது, அது இயற்கை” என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

பார் கிளாஸ்கோவில் கடிகாரம் பிடித்துச் சோதித்ததற்கு முந்திய ஆண்டில், 1885-இல், ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். அரைக் குதிரைத்திறன்; மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் காற்று ஒருவர் காதுக்கும் தீங்கு செய்யாது. 1894-இல் மியூனிக் நகரத்தில் ஹில்டபிராண்ட், வோல்ஃப்முல்லர் என்போர் விற்பனைக்கென வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். 1907-இல் பிரிட்டனின் மான் தீவில் டி.டி. பந்தயம் முதன்முறையாக நடந்தபோது, ஒற்றை உருளை வண்டிகளில் வென்ற சார்லி கோலியரின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 61 கிலோமீட்டர். இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வேகம் வளர வளர, ஓட்டுபவனின் தலையைப் பற்றிய கவலையும் வளர்ந்தது. 1935-இல் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹ்யூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், 1941-இல் தலைக்கவசத்தின் இன்றியமையாமையை எடுத்துக்காட்டி ஆய்வுரை வெளியிட்டார். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. இவையனைத்தும் எண்ணற்ற உயிர்களைக் காத்த நற்செயல்கள். ஆனால் தலையைக் காத்தவர்கள் தலையின் இருபுறமும் இருக்கும் உறுப்பை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிளின் இரைச்சல் என்றால் யாரும் எஞ்சினைத்தான் நினைப்பர். தமிழர்க்கு இந்நினைப்பு சற்று அதிகம். அதற்குச் சென்னையே காரணம். பிரிட்டனின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மதராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த ‘புல்லட்’ வண்டியின் ஓசையைக் கொண்டே வருபவர் யார் என்று ஊரார் அறிந்தனர். சைலன்சரைக் குடைந்து அவ்வோசையைப் பெருக்கிக்கொண்டு திரிந்த இளைஞர்களை நாம் திட்டினோம். திட்டியது தகும். ஆயின் தெருவாரின் காதுக்கு எஞ்சின் பகை. ஓட்டுபவனின் காதுக்கு அதனினும் பெரிய பகை வேறொன்று. அது காற்று.

1990-களில் பிரிட்டனில் ஆய்வாளர்கள் ஓட்டுநரின் காதருகே, தலைக்கவசத்தினுள்ளே, சிறு ஒலிவாங்கியை வைத்து அளந்தனர். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால், காற்றின் இரைச்சல் எஞ்சினின் ஓசையை மூழ்கடித்துவிடுகிறது எனக் கண்டனர். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 90 டெசிபெல். 160-இல் ஏறத்தாழ 110. இடைப்பட்ட 100 கிலோமீட்டர் வேகத்திற்குக் கணக்கிட்டால் சுமார் 100 டெசிபெல் வரும். 1907-இல் கோலியர் பந்தயம் ஓடிய வேகமே, காற்று வெல்லத் தொடங்கும் எல்லை என்பதைக் கவனியுங்கள். தலைக்கவசத்தைச் சுற்றிச் சுழன்று ஓடும் காற்று அதன் ஓட்டையே அதிரச் செய்கிறது. கழுத்தின் கீழிருந்தும் உள்ளே ஏறுகிறது. கவசத்தின் பஞ்சுறை கீச்சொலிகளை ஓரளவு குறைக்கும்; இந்தக் கனத்த முழக்கத்தை அது தடுப்பதில்லை.

டெசிபெல் என்பது நம் சந்தைக் கணக்கைப் போன்றதன்று. மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு. பல நாடுகளில் கையாளப்படும் கணக்கின்படி 85 டெசிபெல் ஓசையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் மூன்று மூன்றாகக் கூடும்தோறும் நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. சென்னையிலிருந்து புறவழிச்சாலையில் செல்பவருக்குச் செங்கற்பட்டு வருமுன்னரே அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

தீர்ந்தபின் நேர்வது என்ன? 1851-இல் ஆல்ஃபோன்சோ கார்ட்டி என்னும் இத்தாலியர் நுண்ணோக்கியால் ஆராய்ந்து விவரித்த உட்செவி உறுப்பில், மயிரிழை போன்ற நுனிகளை உடைய உணர்வணுக்கள் பல ஆயிரங்கள் உள்ளன. பேரோசை அவற்றை மிதித்த பயிர்போலச் சாய்க்கிறது. சிலநாள் நிமிரும், பலநாள் மிதித்தால் மடியும். மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் மடிவன நொடிக்கு 4000 அதிர்வு அளவிலான நுண்ணொலிகளைக் கேட்கும் அணுக்கள். உயிரொலிகள் தாழ்ந்தவை, அவை தங்கிவிடும். ‘த’கரத்தையும் ‘ப’கரத்தையும் ‘க’கரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் மெல்லிய கூறுகளே முதலில் போகும். பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது விளங்காது. அச்சிறுமியின் ‘தடம்’ என்னிடம் ‘படம்’ ஆனதன் காரணம் இதுவே.

இனி மெழுகுக்கு வருவோம். மான் தீவுப் பந்தயம் தொடங்கிய அதே 1907-இல், பெர்லின் நகரத்து மருந்தாளர் மாக்சிமிலியன் நெக்வெர், ஒடிசியஸின் கதையை நினைவில் கொண்டு, மெழுகையும் பஞ்சையும் சேர்த்துக் காதடைப்பு ஒன்றைச் செய்தார். ‘ஓரோபாக்ஸ்’ என்பது அதன் பெயர். முதல் உலகப் போரில் பீரங்கி முழக்கத்திடையே படைவீரர்கள் அதைப் பயன்படுத்தினர். எழுத்தாளர் காஃப்கா வீட்டு இரைச்சலுக்கு அஞ்சி அதையே நாடினார். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், விரலால் உருட்டி நுழைத்தால் காதினுள் மெல்ல விரிந்து நிறையும் நுரைப்பஞ்சு அடைப்பு விற்பனைக்கு வந்தது. ஒரு கோப்பைத் தேநீர் விலையில் கிடைக்கும் பொருள்தான்.

மற்றொரு வரலாறும் இதே காலத்தது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நத்தானியேல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையிலேயே காதில் அணியும் ஒலிப்பான்களைச் செய்து கடற்படைக்கு விற்றார். கம்பியில்லாத் தந்தி வழியே வரும் மெல்லிய ஒலியைக் கேட்பதற்கு அவை உதவின. ஒலி குறைவாக இருந்தமையால் பிறந்த கருவி அது. 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வெளிவந்தபின், அக்கருவி நடப்போர் காதிலும் ஓடுவோர் காதிலும் ஏறியது. இன்று கம்பியின்றியே தலைக்கவசத்தினுள் அமர்ந்துவிட்டது. ஆங்கு அதன் வேலை தலைகீழானது. நூறு டெசிபெல் காற்றினுள்ளே ஒரு பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அப்பாட்டு காற்றை வென்றாக வேண்டும். ஓட்டுபவர் விரலை வைத்து ஒலியைக் கூட்டுகிறார். காற்றும் குறையவில்லை; பாட்டும் அதன்மேல் ஏறிற்று. செவி இரண்டையும் சுமக்கிறது.

“காதை அடைத்துக்கொண்டால் லாரியின் ஹாரன் எப்படிக் கேட்கும்?” என்பது நியாயமான ஐயம். எனக்கும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946-இல் கார்ல் கிரைட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். மிகுந்த இரைச்சலிடையே நற்செவி உடையோர் காதை அடைத்துக்கொண்டபோது பேச்சு அவர்களுக்கு முன்னிலும் நன்றாகவே விளங்கியது. அடைப்பு, இரைச்சலையும் பேச்சையும் ஒரே அளவாகக் குறைக்கிறது. திணறிக்கொண்டிருந்த செவி இளைப்பாறி இரண்டையும் பிரித்தறிகிறது. கண் கூசும் வெயிலில் கருப்புக் கண்ணாடி அணிந்தவனுக்குப் பாதை தெளிவாவதைப் போன்றது இது. என்னைப்போல் செவி ஏற்கெனவே கெட்டவர்க்கு இந்நன்மை கிட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் மெல்லச் செல்கையிலும் அடைப்பு வேண்டியதில்லை.

இயர்போனின் நிலை வேறு. அது செய்தியைக் குறைக்காமல் வேறொரு செய்தியை மேலே ஊற்றுகிறது. கருத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. கலிபோர்னியா மாநில வாகனச் சட்டத்தின் 27400-ஆம் பிரிவு இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது. இரு காதுகளிலும் ஒலிப்பான் அணிந்து ஓட்டுவதைத் தடுக்கிறது. இரைச்சலைக் குறைக்கவென்றே செய்யப்பட்டு, ஹாரனையும் அபாயச் சங்கையும் மறைக்காத காதடைப்புக்கு விலக்கு அளிக்கிறது. பிரான்சு 2015 ஜூலை முதல் நாள் முதல் காதில் பொருத்தும் ஒலிக்கருவிகளை ஓட்டுநர்க்குத் தடைசெய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டதும் அதே நாளில்தான். ஆண்டும் நாளும் பார்ப்பது வரலாற்று ஆசிரியனின் பழைய பழக்கம், பொறுத்துக்கொள்க.

என் செவி கெட்டதற்கு வண்டி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகள், நாளொன்றுக்குப் போகவர 44 கிலோமீட்டர், வெறுந்தலையோடு புல்லட் ஓட்டினேன். வேகம் அறுபதைத் தாண்டியது அரிது. திருவிழா ஒலிபெருக்கிக்கும், வேட்டுக்கும், வயதுக்கும் இதில் பங்குண்டு என்றார் மருத்துவர். ஆனால் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடியவில்லை.

என் பேரன் சென்னையில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளிலேயே ஊருக்கு வருவான். கவசத்தைக் கழற்றியபின்தான் காதிலிருந்து இயர்போனை எடுப்பான். “ஏனடா, அவ்வளவு தூரமும் பாட்டா?” என்றேன். “பாட்டு இல்லையென்றால் காற்று இரைச்சலில் தலை வலிக்கிறது, தாத்தா” என்றான். அவனுக்கு இரைச்சல் தெரிந்திருக்கிறது! மருந்து மட்டும் மாறிவிட்டது. நுரைப்பஞ்சு அடைப்பு இரண்டை அவன் கையில் கொடுத்து, காதின் மேல்மடலைப் பின்னுக்கு இழுத்து நுழைக்கும் முறையையும் காட்டினேன். அரை மனத்தோடு வாங்கிச் சென்றான்.

அடுத்த வாரம் வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னான். வழக்கம்போல் எனக்கு விளங்கவில்லை. அருகில் வந்து, முகத்தை நேரே பார்த்து, மீண்டும் சொன்னான்: “திண்டிவனத்தைத் தாண்டிப் பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது, தாத்தா.” இம்முறை ஒவ்வோர் எழுத்தும் விளங்கிற்று.