நெருப்புக் குதிரை: சீனச் சோதிடத்தில் பூதங்களின் இடம்

சீனச் சோதிடத்தை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் எலி, எருது, புலி எனப் பன்னிரண்டு விலங்குகளை அடுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பூதங்கள் பின்னிணைப்பாகிவிடுகின்றன. உண்மை நேர்மாறானது என்பதற்கு ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கே சான்று. அங்கு 1965இல் சுமார் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம். 1966 நெருப்புக் குதிரை ஆண்டு. 1954உம் 1978உம் குதிரை ஆண்டுகளே. அவற்றில் இத்தகைய திடீர் வீழ்ச்சி இல்லை. மக்கள் அஞ்சியது குதிரைக்கு அல்ல, அதன்மேல் ஏறிய நெருப்புக்கு.

மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தில் நம் ஐம்பூதங்களின் காற்றும் வானும் இல்லை. இவை உலகம் எதனால் ஆனது என்பதைவிட, ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்பதைச் சொல்பவை. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும். ஒவ்வொரு பூதமும் யின், யாங் என இரண்டாகப் பிரிய, பத்து ‘வான் தண்டுகள்’ கிடைக்கின்றன. விலங்குகள் பன்னிரண்டு ‘மண் கிளைகளின்’ அடையாளங்கள். இரு வரிசைகளும் இணைந்து நகரும்போது அறுபதாவது இணையோடு சுற்று முடிகிறது. கிளைகளுக்கும் தனித்தனிப் பூதம் உண்டு, குதிரையுடையது நெருப்பு. ஆகவே ‘பிங்வு’ எனப்படும் நெருப்புக் குதிரை ஆண்டில் நெருப்பு இரட்டிக்கிறது.

இந்த அறுபது இணைகள் முதலில் சோதிடத்துக்காகப் பிறந்தவை அல்ல. சீனாவின் ஷாங் வம்சக் காலக் குறி எலும்புகளில் அவை நாட்களை எண்ணப் பயன்பட்டன. பூதங்களை ஆட்சி மாற்றத்தோடு பிணைத்தவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் சிந்தனையாளர் ட்சோ யென். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர், நெருப்பின் ஜோ வம்சத்தை வென்ற நீராகத் தம் ஆட்சியை அறிவித்துக் கறுப்பை அரச நிறமாக்கினார். எல்லோரும் இதை நம்பிவிடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சோங் என்ற சிந்தனையாளர், நீர் நெருப்பை வெல்வது மெய்யானால் நீருக்குரிய எலி நெருப்புக்குரிய குதிரையை ஏன் விரட்டுவதில்லை என்று கேட்டார். இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் படித்ததில்லை.

ஆனால் அறுபது இணைகளின் அட்டவணை தருவது நெருப்பின் அளவை மட்டுமே. அந்த நெருப்பு யாரைச் சுடும் என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானில் அந்தப் பழி பெண்கள்மேல் விழுந்தது: நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் கணவனுக்கு எமன் என்றார்கள். காதலனைக் காண ஊருக்குத் தீவைத்து 1683இல் எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி, 1666ஆம் பிங்வு ஆண்டில் பிறந்தவள் என்ற கதையை நாடக மேடைகள் பரப்பின. 1906இல் பல குடும்பங்கள் பெண் குழந்தைகளின் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்தன. 1966இல் கருத்தடையும் கருக்கலைப்பும் எளிதாகக் கிடைத்ததால் பிறப்பே குறைந்தது.

சீனாவிலோ அதே பிங்வு அரசுக்கான ஆபத்து. 1126ஆம் பிங்வு ஆண்டில் ஜுர்ச்சென் படைகள் சோங் தலைநகர் கைஃபெங்கை முற்றுகையிட்டன. மறு ஆண்டு பேரரசரையே சிறைபிடித்துச் சென்றன. பிங்வு ஆண்டுகளிலும் அவற்றை அடுத்து வரும் டிங்வெய் ஆண்டுகளிலும் நேர்ந்த பேரிடர்களைத் தொகுத்து, 1246ஆம் பிங்வு ஆண்டில் சாய் வாங் தென்சோங் அவைக்கு நூலொன்றை அளித்தார். அதில் மணப்பெண்களைப் பற்றிய கவலை இல்லை. ஆள்வோர் திருந்த வேண்டும் என்ற எச்சரிக்கையே இருந்தது. அதற்காக அவர் சிறையில் அடைக்கப்பட்டார்.