கூப்பு வெட்டிய காடு

கோடைக் களப்பணிக்குப் புறப்படும் மாணவர் கையில் வழக்கமாக ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். எவ்வளவு விறகு எடுக்கிறீர்கள், எத்தனை மாடு மேய்கிறது, புயல் வந்தால் எங்கே போவீர்கள் என்று கிராமத்தாரைக் கேட்பதற்கானது அது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் காட்டின் வரலாற்றைப் படிக்காமல் இவற்றை மட்டும் கேட்டால், காட்டை அழித்தவர் யார் என்ற தீர்ப்பு கேள்வியிலேயே எழுதப்பட்டுவிடும். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் மீதும் அப்படி ஒரு தீர்ப்பு நெடுங்காலம் இருந்தது. மாடு மேய்ந்தது, ஊரார் வெட்டினார்கள், அதனால் காடு மொட்டையானது என்றார்கள். அந்தப் பழியில் பெரும்பங்கு அரசின் வெட்டுத் திட்டத்தையே சேர வேண்டும் என்பது என் கருத்து.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இக்காட்டில் நடந்தது கூப்பு முறை. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுச் சுற்று வைத்து, முறை வந்த பகுதியை அடியோடு வெட்டி விற்பார்கள். வெட்டிய இடம் தானே தழைத்து அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும் என்பது கணக்கு. சேற்றுக்காட்டில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராக இறங்கியது. ஈரம் வற்றிய சேறு சுருங்கி அமிழ்ந்தது. சமதளமாக இருந்த இடம் தொட்டியைப் போலக் குழிந்தது. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. குழிக்குள் புகுந்த கடல்நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ள அதற்கு வலுவில்லை. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் அடியில் தங்கி, ஆண்டுக்காண்டு ஏறியது. மே மாதத்தில் அங்கே போய் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: வெடித்த சேற்றின் மேல் வெள்ளை உப்புப் படலம், அங்கங்கே உமரிச் செடி, இடுப்பளவைத் தாண்டாத வெண்கண்டல். 1975இல் வந்த ‘இதயக்கனி’ படத்தில் பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது வாய்க்காலோரத்துச் சுரபுன்னைகள். சேதம் அந்தப் பசுந்திரைக்குப் பின்னால், படகு போகாத உட்பகுதியில் இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காவிரியில் அணைகள் எழுந்தபின், குறிப்பாக 1934இல் மேட்டூர் அணை வந்தபின், கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு வரும் நன்னீர் குறைந்தது; உப்பு ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாமே? நன்னீர்க் குறைவு உண்மை. உப்பைத் தாங்காத மரவகைகள் அருகி, தாங்கக்கூடிய வெண்கண்டல் பெருகியதற்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அதுவே முழுக் காரணம் என்றால் காடு முழுவதும் ஒரே சீராக நலிந்திருக்க வேண்டும். வாய்க்காலோரம் தழைத்திருக்க, வெட்டப்பட்ட உட்பகுதி மட்டும் திட்டுத் திட்டாக மொட்டையானது ஏன்? 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து செய்த வேலை இதற்கு விடை தந்தது. மீன்முள் வடிவில், ஒரு பெரிய கால்வாயும் அதிலிருந்து பிரியும் கிளைக் கால்வாய்களுமாக வெட்டி, தேங்கிய நீருக்கு வழிவிட்டார்கள். உள்ளே போனது அதே உப்புநீர்தான். ஆனால் அது ஓதத்தோடு வந்து ஓதத்தோடு திரும்பியது. நட்ட கன்றுகள் பிழைத்தன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, 1986க்கும் 2002க்கும் இடையில் காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதாகக் கண்டது. நன்னீர் திரும்பி வராமலே காடு திரும்பியது என்றால், உட்பகுதியைக் கொன்றது நீர்த் தேக்கம் என்றே கொள்ள வேண்டும்.

மேய்ச்சலே இல்லை என்று நான் சொல்லவில்லை. இளங்கன்றை மாடு கடிக்கும், ஏழை வீட்டு அடுப்புக்கு விறகும் வேண்டும். ஆனால் இவை அடியோடு வெட்டிய பரப்பில் முளைத்த கன்றுக்கு நேர்ந்த இரண்டாம் அடி. முதல் அடி திட்டத்தோடும் ஏலத்தோடும் விழுந்தது. சேற்றுநீரில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் குடும்பங்களுக்குக் காடு நின்றால்தான் பிழைப்பு. அவர்களைக் கேட்டு யாரும் கூப்புக்கு எல்லை போடவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் காடு உலகப் புகழ் பெற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே தரவுகளை எடுத்து மறுகணக்குப் போட்ட வேறு ஆய்வாளர்கள், கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். அந்த மறுப்பை மதிக்கத்தான் வேண்டும். காட்டை நம்பிக் குப்பத்தைக் கடலோரத்தில் விட்டுவைக்கும் ஆபத்தை அது தடுக்கிறது. ஆனால் பிச்சாவரத்தைக் காப்பதற்கான நியாயம் சுனாமிக் கணக்கை மட்டும் நம்பியிருக்கவில்லை. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அங்கேதான் வளர்கின்றன.

மீன்முள் கால்வாய்கள் தூர்ந்துபோகக் கூடியவை. தூர் வாராவிட்டால் நீர் மறுபடி தேங்கும். உப்பு மறுபடி ஏறும். கன்று நடும் விழாவுக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் தூர்வாரும் வேலைக்குக் கிடைப்பதில்லை. அடுத்த கோடையில் வரும் மாணவர்கள் விறகுக் கணக்கோடு பழைய கூப்பு வரைபடங்களையும் எடுத்துவரட்டும். எந்தத் திட்டு எந்த ஆண்டு வெட்டப்பட்டது, அங்கே இன்று மண்ணில் எவ்வளவு உப்பு, எந்தக் கால்வாய் அடைபட்டிருக்கிறது, அதைத் தூர்வார ஊர் மன்றத்துக்கு அதிகாரமும் கூலியும் உண்டா என்று பார்த்து எழுதட்டும்.