தலைக்கு மேலே ஒரு சரித்திரம்

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி நடந்தால் விக்டோரியா காலத்து வீடு ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படும். உருண்டைத் தூணையும் வளைவையும் பார்த்துவிட்டு ‘வெள்ளைக்காரன் கட்டினது’ என்று கடந்துவிடுகிறோம். 1837 முதல் 1901 வரை விக்டோரியா அரசி ஆண்டதால் வந்த பெயர் ‘விக்டோரியா காலம்’. ஆனால் வீட்டின் உருவத்தைத் தீர்மானித்தது தலைக்கு மேலிருக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற தளம்தான் என்பது என் கட்சி. லண்டனில் அப்போது சரிவான ஸ்லேட் கூரை; இங்கே மொட்டை மாடி. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் சன்னமான செங்கல்லை மூலைவாட்டமாகக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். தளம் இறுகிய பிறகு தட்டோடு பதிப்பார்கள். கட்டையின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். கூடம் பெரிதாக வேண்டுமென்றால் நடுவே உத்தரம் வர வேண்டும், அதைத் தாங்கத் தூண் வர வேண்டும். அழகுக்கென்று நாம் நினைக்கும் தூண்களில் பல இந்தக் கணக்கில் முளைத்தவை.

வரைபடம் போட்டவர் ஆங்கிலேய இன்ஜினியர்தானே, தேக்கும் பர்மாவிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். பாதி நியாயம். 1852 போருக்குப் பின் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போகாமலிருந்தால் அவ்வளவு தேக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியிருக்காது. ஆனால் மரம் எங்கிருந்து வந்தாலும் சுண்ணாம்பின் பதம் கொத்தனாரின் கையில்தான் இருந்தது. அதை எந்த வரைபடமும் சொல்லித்தரவில்லை.

வரைபடம் மட்டும் வீட்டை உண்டாக்கிவிடாது என்பதற்கு மெரினாவில் உள்ள ஐஸ் ஹவுஸ் நல்ல சாட்சி. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி, கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய வக்கீல் பிலிகிரி ஐயங்கார், ஜன்னல்களைத் திறந்து, வராந்தாக்களைச் சேர்த்த பிறகே அது மனிதர் குடியிருக்கும் வீடாயிற்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்து தங்கியதும் அந்த வீட்டில்தான். சுவர் எழுப்பியவர் பெயர் ஒன்று, வீடாக்கியவர் பெயர் இன்னொன்று.

இன்று பழைய வீட்டைப் ‘பாதுகாக்கிறோம்’ என்று முகப்புக்கு வெள்ளையடித்துவிட்டு, மேல்தளத்தை இடித்து கான்கிரீட் ஊற்றுகிறார்கள். கடுக்காய்ச் சுண்ணாம்பு தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டாது என்கிறார்கள், பொய்யில்லை. என்றாலும் பெரும்பாலும் கெடுவது ஈரம் பட்டுக் கரையான் அரித்த கட்டையின் முனைதான். கீழே முட்டுக் கொடுத்து அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம். முழுத் தளத்தையும் இறக்க வேண்டியதில்லை.