குடல்வாலும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

1902 ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா நடப்பதாக இருந்தது. இரண்டு நாள் முன்பு ராஜாவுக்கு வயிற்றுவலி முற்றிப்போய், பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற சர்ஜன் அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். குடல்வாலை எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்! ராஜா பிழைத்து ஆகஸ்டில் முடிசூடினார். 'அப்பெண்டிசைட்டிஸ்' என்ற பெயருக்கே அப்போது வயசு பதினாறுதான். 1886-ல் பாஸ்டன் டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் வைத்த பெயர் அது. குடல்வாலைச் சீக்கிரமே வெட்டி எடுக்கவேண்டும் என்று வாதாடியவரும் அவரே.

நம்ம பக்கத்துக்கு வருவோம். குன்னூரில் எலிகளுக்கு நம்மூர்ச் சாப்பாடு போட்டு ஆராய்ச்சி செய்த ராபர்ட் மெக்காரிசனைப் படித்திருப்பீர்கள். (மதராஸ் சாப்பாடு தின்ற எலிதான் ரொம்ப நோஞ்சான், என்ன செய்ய!) அதற்கு முன் கில்கித்தில் டாக்டராக இருந்தவர். அங்கே ஹன்சா மலைமக்களிடம் ஒரு குடல்வால் கேஸ்கூடப் பார்த்ததில்லை என்று 1921-ல் அமெரிக்காவில் பேசினார். காரணம் சாப்பாடு என்பது அவர் கட்சி. 1971-ல் டெனிஸ் பர்கிட் அதையே நார்ச்சத்து என்றார். இன்றுவரை முடிவாகவில்லை.

எனக்கு உதைப்பது வேறு. டாக்டர் எண்ணுவது தன்னிடம் வந்தவர்களை மட்டும்தானே? போடி ஏலத்துக்கு வந்த காயை மட்டும் நிறுத்துப் பார்த்து, மலையில் விளைந்ததே இவ்வளவுதான் என்று சொல்லமுடியுமா?

விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். சில மணி நேரம் கழித்தே வலது அடிவயிற்றுக்கு இறங்கும். அதுவரை சூட்டுவலி என்று நினைப்பதில் தப்பே இல்லை. வேலையை விட்டால் கூலி போச்சு, ஜீப் இறங்குவதும் சாயங்காலம்தான். வீட்டில் யாராவது விளக்கெண்ணெய் கொடுத்தால் இன்னும் ஆபத்து. பேதி மருந்து, வீங்கிய குடல்வால் வெடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். ஒன்றரை நாள் தாண்டினால் அந்த வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

1980-ல் ஜெர்மனியில் குர்ட் செம் சின்னத் துளை வழியாகவே குடல்வாலை எடுத்துக் காட்டினார். இன்று நேரத்தோடு போனால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். வெடித்தபின் போனால் சீழைக் கழுவி, டியூப் வைத்து, நாள்கணக்கில் படுக்கை. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன், போடிக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் அது மதுரையில் இருந்தது.