கேடா மாவட்டத்துப் பீஜ் தொலைக்காட்சிப் பரப்பி: நிறுவலும் இணைப்பும் உள்ளடக்கமும் (1975–1985)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தொலைக்காட்சி வரலாறு பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பரப்பி எங்கே நிறுவப்பட்டது, அதன் உள்ளீடு எதனுடன் இணைக்கப்பட்டது என்னும் வினாக்கள் பொறியியலாளருக்குரியவை என ஒதுக்கப்பட்டன. குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தின் பீஜ் என்னும் சிற்றூரில் 1975இல் இயங்கத் தொடங்கிய 1 கிலோவாட் பரப்பியை, 1984இல் நாடெங்கும் நிறுவப்பட்ட 100 வாட் பரப்பிகளுடன் ஒப்பிட்டு, இணைப்பு முறையே உள்ளடக்கத்தின் எல்லையை வகுத்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சிப் பரப்பி, கேடா திட்டம், செயற்கைக்கோள், நுண்ணலை இணைப்பு, தூர்தர்ஷன்

முன்னுரை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. பம்பாய்க்கு அது 1972இலும் சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15 அன்றும் வந்தது. இவையனைத்தும் பெருநகர நிலையங்கள். நகரத்தில் தயாரிக்கப்பட்டது நகரத்தாரைச் சென்றடைந்தது. சிற்றூரை முதன்மைப் பார்வையாளராகக் கொண்டு பரப்பி நிறுவும் எண்ணம், விக்ரம் சாராபாய் வகுத்த விண்வெளித் திட்டத்தின் வழியாக உருப்பெற்றது. அதன் நிலத்துச் சான்றாகப் பீஜ் பரப்பியைக் கொள்ளலாம்.

பரப்பியின் அமைப்பும் நிறுவலும்

பரப்பியின் வரலாற்றுப் பொருளை உணர அதன் அமைப்பை அறிதல் இன்றியமையாதது. நிலையத்திலிருந்து வரும் படக்குறிகையும் ஒலிக்குறிகையும் தனித்தனியே பரப்பிக்குள் நுழைகின்றன. படம் வீச்சுப் பண்பேற்றத்தாலும் ஒலி அதிர்வெண் பண்பேற்றத்தாலும் ஊர்தி அலைகளில் ஏற்றப்படுகின்றன. இந்தியா ஏற்றுக்கொண்ட 625 வரி முறையில் இவ்விரு ஊர்தி அலைகளுக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. வி.எச்.எஃப். பட்டையில் ஓர் அலைவரிசைக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்படுகிறது. திறன் பெருக்கப்பட்ட பின் இரண்டும் ஒருங்கிணைக்கப்பட்டு, கோஆக்சியல் வடத்தின் வழியே கோபுர உச்சியிலுள்ள ஆண்டெனாவைச் சென்றடைகின்றன.

நிறுவலில் கவனம் கோரும் இடங்கள் மூன்று. முதலாவது, வடத்தின் மின் எதிர்ப்பும் ஆண்டெனாவின் மின் எதிர்ப்பும் பொருந்துதல். பொருந்தாவிடில் திறனின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பும், திரையில் உருவம் இரட்டையாகத் தெரியும், பரப்பியும் பழுதுபடலாம். இதனால், ஆண்டெனாவை இணைக்கும் முன் முழுத் திறனையும் வெப்பமாக ஏற்கும் சோதனைச் சுமையில் பரப்பி இயக்கிப் பார்க்கப்படும். இரண்டாவது, தரையிணைப்பும் இடிதாங்கியும். சமவெளியில் தனித்து நிற்கும் கோபுரம் மின்னலை எளிதில் ஈர்ப்பதால், கோபுரம், வடத்தின் வெளியுறை, கருவிப் பெட்டிகள் ஆகிய மூன்றும் ஒரே தரையிணைப்பு வலையில் சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவது, கோபுரத்தின் உயரம். வி.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. சமதளத்தில் 60 மீட்டர் உயர ஆண்டெனாவிற்கு அலைத்தொடுவானம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். எனவே திறனை மட்டும் கூட்டிப் பரப்பெல்லையை விரும்பியவாறு நீட்டிவிட முடியாது.

இம்மூன்றும் எல்லாப் பரப்பிகளுக்கும் பொதுவானவை. பரப்பிகளை வேறுபடுத்துவது நான்காவது ஒன்று: உள்ளீட்டு முனை எங்கிருந்து குறிகையைப் பெறுகிறது என்பதே அது.

பீஜ்: நிலையத்துடன் பிணைந்த பரப்பி

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாகச் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2400 சிற்றூர்கள் கம்பி வலையாலான 3 மீட்டர் ஆண்டெனாக்களால் நேரடியாகக் குறிகையைப் பெற்றன. கேடாவில் வேறொரு முறை கையாளப்பட்டது. அகமதாபாத் புவிநிலையம் பெற்ற குறிகை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீஜுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மறுஒளிபரப்புச் செய்யப்பட்டது. அதே இணைப்பில் அகமதாபாத் நிலையத்தில் உருவான குஜராத்தி நிகழ்ச்சிகளும் சென்றன.

இவ்வேறுபாட்டின் விளைவு ஓராண்டில் வெளிப்பட்டது. சோதனை முடிந்து செயற்கைக்கோள் விலகியதும் நேரடிப் பெறுதல் முறை முடிவுற்றது. பீஜ் பரப்பியோ தொடர்ந்து இயங்கியது. அதன் உள்ளீடு விண்ணை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஏறத்தாழ 400 ஊர்களின் பள்ளிகளிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வேளாண்மை, கூலி, சாதி ஒடுக்குமுறை, குடும்ப நலம் ஆகியவை நிகழ்ச்சிப் பொருள்களாயின. ‘தாத் பரியாத்’ என்னும் நிகழ்ச்சி ஊர்மக்களின் குறைகளை அதிகாரிகளின் முன் வைத்தது. கேடா திட்டம் 1984இல் ஊரகத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசைப் பெற்றது.

1984: விண்ணுடன் மட்டும் பிணைந்த பரப்பிகள்

1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி நிலைமையை மாற்றியது. 1984இன் பிற்பாதியில் நாளொன்றுக்கு ஒன்று என்று சொல்லத்தக்க வேகத்தில் 100 வாட் பரப்பிகள் நிறுவப்பட்டன. செயற்கைக்கோள் குறிகையைப் பெறும் வட்டத் தட்டு, ஏற்பி, பரப்பி, கோபுரம் ஆகியவையே ஒரு நிலையத்தின் முழு உடைமை. படப்பிடிப்புக் கூடம் கிடையாது. நுண்ணலை இணைப்பும் கிடையாது. எனவே, எந்த மாநிலத்துச் சிறுநகரமாயினும் அப்பரப்பி டெல்லியின் நிகழ்ச்சியையே அஞ்சல் செய்தது. உள்ளூர்ப் பொறியாளர் ஒலியின் அளவைத் திருத்தலாம். உள்ளூர்ச் செய்தி ஒன்றைச் சேர்க்க அவரிடம் வழியில்லை.

இம்முறைக்கு வலுவான நியாயமும் உண்டு. நிலையத்துடன் நுண்ணலை இணைப்பு அமைக்கப் பார்வைக்கோட்டில் இடைக்கோபுரங்கள் வேண்டும். பொருளும் காலமும் மிகுதியாகச் செலவாகும். செயற்கைக்கோள் இவையனைத்தையும் ஒரே தட்டால் ஈடுசெய்தது. பரப்பெல்லைக்குள் வரும் மக்கள்தொகை விழுக்காடே வெற்றியின் அளவுகோல் என்றானபோது இத்தேர்வு இயல்பானதே.

இடமாற்ற முடிவு

அவ்வளவுகோலின் குறை 1985இல் பீஜில் தெரிந்தது. அகமதாபாத்தில் கூடுதல் திறனுள்ள பரப்பி நிறுவப்பட்டதால் கேடா அதன் எல்லைக்குள் வந்தது. ஆகவே பீஜ் பரப்பியை அகற்றி, சென்னையின் இரண்டாம் அலைவரிசைக்குப் பயன்படுத்த முடிவு செய்யப்பட்டது. கேடா மக்கள் அதனை எதிர்த்தனர். வரைபடத்தின்படி அவர்கள் எதையும் இழக்கவில்லை. அலை முன்போலவே வந்துகொண்டிருக்கும். ஆனால், தங்கள் மாவட்டத்தை நோக்கிப் பேசுவதற்கென அமைந்த தனி உள்ளீட்டை அவர்கள் இழக்க நேர்ந்தது. இரண்டாம் அலைவரிசை பெருநகரத்தாருக்கு ஒரு கூடுதல் தெரிவு. பீஜ் பரப்பி சிற்றூராருக்கு இருந்த ஒரே தெரிவு. தமிழக ஊடக வரலாற்றை எழுதுவோர் சென்னையின் இரண்டாம் அலைவரிசையைப் பற்றிப் பேசும்போது இப்பின்னணியையும் கருதுதல் வேண்டும்.

முடிவுரை

பீஜின் சாதனைக்கு இணைப்பு முறை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. ஆய்வாளர், தயாரிப்பாளர், கூட்டுறவுச் சங்கத்தார் ஆகியோரின் உழைப்பும் அதற்குத் துணைநின்றது. எனினும், அவ்வுழைப்பு மக்களைச் சென்றடைய ஒரு வழி திறந்திருந்தது. 1984இன் பரப்பிகளில் அவ்வழியே அமைக்கப்படவில்லை. எனவே பரப்பியின் நிறுவல் ஏடுகளும் இணைப்பு வரைபடங்களும் பொறியியல் ஆவணங்கள் மட்டுமாகா. யார் பேசலாம், யார் கேட்க மட்டும் செய்யலாம் என்பதை அவை முன்கூட்டியே பதிவு செய்துள்ளன. ஊடக வரலாற்றாய்வு அவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் தகும்.